குங்குமம் பின்பக்கம் மட்டும்

என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்களை யாருக்கும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்திருந்தால் இன்றைக்கே கேன்டீனுக்கு மாற்றல் கேளுங்கள். அங்கே வடை போடுகிறவரை எல்லோருக்கும் பிடிக்கும். நாம் கதவைச் சாத்துகிறவர்கள். கதவைச் சாத்துகிறவர்களுக்கு யாரும் வடை கொடுப்பதில்லை.

ஆனால் இந்த வேலையில் நான் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. ஓய்வு பெற்று கடம்பத்தூர் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு விஜயதசமிக் காலை ஞாபகம் வந்து சிரித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்வது உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தபோதுதான் அந்தப் புது விதி வந்தது. நீங்கள் இன்று அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அன்று அது பெரிய கலாட்டா.

அதுவரை பாஸ்வேர்டு தெரிந்தால் போதும். யாரும் எங்கிருந்தும் எந்தப் போனிலிருந்தும் உள்ளே வரலாம். புது விதி அப்படி இல்லை. நீ யார் என்று கேட்டுவிட்டு, உன் கையில் இருப்பது என்ன என்றும் கேட்கும். இது கம்பெனிக்குத் தெரிந்த கருவியா? அதற்குப் பூட்டு உண்டா? கடைசி அப்டேட் ஏறியிருக்கிறதா? அதில் கண்ட ஆப்பும் குடியிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தால்தான் மெயில் திறக்கும், வரைபடம் திறக்கும், டிஸ்பாட்ச் கணக்கு திறக்கும். ஒன்று தவறினாலும் என் திரையில் அந்தக் கருவி சிவப்பாகிவிடும். அதை வைத்திருப்பவர் வெளியேதான் நிற்க வேண்டும்.

இதை விளக்கக் கூட்டம் போட்டேன். யாருக்கும் புரியவில்லை. கடைசியில், "நம்ம பார்டர் செக்போஸ்ட்டை நினைச்சுக்குங்க. டிரைவர் நல்லவனா இருந்தா போதுமா? வண்டியையும் பார்ப்பாங்க இல்ல?" என்றேன். உடனே புரிந்தது. அதோடு எனக்குப் பெயரும் கிடைத்தது. அன்று முதல் நான் செக்போஸ்ட் மேடம். நான் வராந்தாவில் நடந்தால் யாராவது தூணுக்குப் பின்னால் நின்று லாரி ஹாரன் மாதிரி சத்தம் கொடுப்பான். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

முதல் வாரமே பிளான்ட் மேனேஜரின் மெயில் மூடிக்கொண்டது. அவர் போனில் ஓசியில் கிரிக்கெட் காட்டும் ஒரு ஆப்பை ஏற்றி வைத்திருந்தார். என் அறைக்கு வந்து கத்தினார். அந்த ஆப் போனால் மெயில் வரும், ஆப் இருந்தால் கிரிக்கெட் வரும், எது வேண்டும் என்று கேட்டேன். அன்று ஏதோ முக்கியமான மேட்ச். மனிதர் உண்மையிலேயே யோசித்தார். சாயங்காலம்தான் மெயில் திறந்தது. அந்தக் கோபம் அவருக்குப் போகவே இல்லை.

சரி, விஜயதசமிக்கு வருகிறேன்.

சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் நாகலட்சுமி என்று ஒரு பெண். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஊர். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்தவள், ஒவ்வொரு படியாக ஏறி டிஸ்பாட்ச் இன்சார்ஜ் ஆகியிருந்தாள். நம் கம்பெனியில் அந்த நாற்காலியில் அதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்தது இல்லை. ஆனால் நாற்காலி இன்னும் அவளுடையது ஆகவில்லை. பிளான்ட் மேனேஜர், "பண்டிகை முடியட்டும், பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு வண்டி லேட்டானாலும் பழைய இடத்துக்குத்தான்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அந்த இடத்துக்கு அவர் மனதில் வேறு ஓர் ஆள் இருந்தான். அது ஊருக்கே தெரியும்.

விஜயதசமி அன்று முதல் வண்டி ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். மதியத்துக்குள் சரக்கு போகாவிட்டால் அவர்களுடைய அசெம்பிளி லைன் நின்றுவிடும். லைன் நின்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாகலட்சுமி கைகளில் மறுபடி லேபிள் பசை ஒட்டியிருக்கும்.

முந்தின நாள் ஆயுத பூஜை. நம் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மெஷின், ஸ்பேனர், ஃபோர்க்லிஃப்ட், தராசு, ஏன், கேன்டீன் கரண்டிகூடப் பூஜையில் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூ சுற்றுவார்கள். பூஜை முடிந்தால் எதையும் தொடக்கூடாது. கருவிகளுக்கு ஓய்வு. விஜயதசமிக் காலையில் நல்ல நேரம் பார்த்து எடுத்துத்தான் முதல் வேலை.

டிஸ்பாட்ச் ஆட்களின் ஆயுதம் ஸ்கேனர். கைக்கு அடக்கமாகத் தடித்த போன் மாதிரி இருக்கும். பெட்டியில் உள்ள கோடுகளுக்கு நேரே காட்டினால் பெட்டி கணக்கில் ஏறும். எல்லாப் பெட்டியும் ஏறினால்தான் கேட் பாஸ் அச்சாகும். அந்த ஸ்கேனர்களை அணைத்து, வாழை இலையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் முகத்திலும் தாராளமாகக் குங்குமம் அப்பியிருந்தார்கள். பக்தியில் குறை சொல்ல முடியாது. நானும்தான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன், பொரி வாங்கித் தின்றேன்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. நம் தலைமை அலுவலகம் கடலுக்கு அந்தப் பக்கம். அந்த ஸ்கேனர்களில் ஒரு ஓட்டை இருப்பதாகவும், திருடர்கள் அதில் நுழைய ஆரம்பித்துவிட்டதாகவும் அவர்களுக்குத் தகவல் வந்திருக்கிறது. உடனே ஒரு அப்டேட் அனுப்பி, நம் ஊரில் விடிவதற்குள் ஏற்றாத கருவி எதையும் உள்ளே விடாதே என்று கெடு வைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது தவறு இல்லை. உலகம் முழுக்க எல்லாக் கருவிகளும் விழித்திருந்து அப்டேட்டை வாங்கிக்கொண்டன. கும்மிடிப்பூண்டியில் மட்டும் எல்லாம் பூவோடும் பொட்டோடும் தூங்கிக்கொண்டிருந்தன.

காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் நாகலட்சுமி ஓடி வந்தாள்.

"யக்கா, எல்லா ஸ்கேனரும் பூட்ச்சு! ஒண்ணுல சார்ஜ் இல்ல, ஒண்ணு ஆன் ஆவுது, உள்ள வுட மாட்டேங்குது. செவப்பு செவப்பா இன்னாமோ காட்டுது."

"குங்குமம்டி அது."

"ஐயோ, தொடைச்சிட்டுத்தாங்கா சொல்றேன்!"

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பாதி ஸ்கேனர்களுக்கு உயிரே இல்லை. உயிர் வந்தவை அப்டேட் கேட்டன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சார்ஜில் போட்டு அப்டேட்டைத் தொடங்கினேன். எல்லாம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் கதைதான். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அது முடிய சாயங்காலம் ஆகும் என்று தெரிந்துவிட்டது. வெளியே வண்டி பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டார்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கவனமாகப் படியுங்கள்.

என் கையில் ஒரு சுவிட்ச் இருந்தது. நம் பிளான்ட்டுக்கு மட்டும் அந்த விதியை மொத்தமாக நிறுத்தும் சுவிட்ச். தீ விபத்து, வெள்ளம் மாதிரி சமயங்களுக்காக வைத்தது. அதை அழுத்தினால் ஸ்கேனர்கள் எல்லாம் உள்ளே போகும். வண்டி கிளம்பும். ஆனால் ஸ்கேனர்கள் மட்டும் உள்ளே போகாது. கதவு எல்லோருக்கும் திறக்கும்.

நடுவில் வேறு வழி இல்லையா? இருந்தது. ஸ்கேனர்களுக்கு மட்டும் கெடுவை ஒரு நாள் தள்ளலாம். அது தலைமை அலுவலகத்தின் கையில். போன் போட்டேன். அங்கே விடியவில்லை. காவலுக்கு இருந்த ஒரு பையன் எடுத்தான். ஏன் உங்கள் கருவிகள் எல்லாம் ஒரே நாளில் அணைந்திருக்கின்றன, மின்சாரக் கோளாறா என்று ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை, அவற்றைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டான். பிறகு, கெடுவை மாற்ற மேலதிகாரி ஒப்புதல் வேண்டும், அவர் தூங்குகிறார், எழுந்ததும் சொல்கிறேன் என்றான். நல்ல பையன். திட்டினால் பாவம் என்று வைத்துவிட்டேன்.

அதற்குள் பிளான்ட் மேனேஜர் வந்துவிட்டார். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பொரி பொட்டலம், வாயில் நெருப்பு.

"ஒரு மணி நேரம் மேடம்! ஒரே ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணுங்க. வானம் இடிஞ்சா விழுந்துடும்?"

"பண்ண மாட்டேன்."

"இது ஆர்டர்."

"எழுதிக் குடுங்க. அப்பவும் பண்ண மாட்டேன்."

கத்துகிறவரை மறுப்பது சுலபம். எனக்கு அது பிடிக்கவும் செய்யும். அவர் கத்த, நான் கத்த, டிஸ்பாட்ச் ஷெட்டில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. அவர் நேராக மேலிடத்துக்குப் புகார் சொல்லப் போனார்.

கஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. நாகலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை.

"யக்கா, ஒனுக்குத் தெரியாதது இல்ல. வண்டி போவலன்னா நாளைக்கு நான் இங்க நிக்க மாட்டேன். ஒரு வாட்டி தொறந்து வுடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

பிள்ளைகளே, நம் வேலையில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அதட்டுகிறவனால் கதவு திறக்காது. நமக்குப் பிடித்த ஒருத்தி, நியாயமான காரணத்தோடு வந்து, மெதுவாகக் கேட்பாள் பாருங்கள், அப்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். அவளுக்காகத் திறந்தால் அவள் மட்டும் வர மாட்டாள் என்பதை அந்த நிமிடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது.

"தொறக்க மாட்டேன்," என்றேன். "ஆனா வண்டி போவும். அழாத, எனக்கு எரிச்சல் வரும்."

எப்படிப் போகும் என்று அப்போது எனக்கே தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன்.

திரையைப் பார்த்தேன். நம் ஸ்கேனர்களின் பெயர்கள் வரிசையாகச் சிவப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: அப்டேட் இல்லை. அதில் ஒன்றே ஒன்று மட்டும் வேறு காரணம் சொன்னது. அதற்கு அப்டேட் ஏறியிருந்தது. ஆனால் அனுமதி இல்லாத ஆப் இருக்கிறது என்று நின்றது. ஃபோர்க்லிஃப்ட்டில் மாட்டியிருக்கும் ஸ்கேனர் அது. ஓட்டுகிறவர் சகாயம்.

சகாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சர்ச்சில் கிதார் வாசிக்கிறவர். கம்பெனியில் எந்த விசேஷம் என்றாலும் மைக், ஸ்பீக்கர், பாட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் அம்மன் பாட்டு போடுகிறவரும் அவர்தான். அவர் போட்டால்தான் பூஜை களை கட்டும் என்று பூசாரியே சொல்வார்.

"சகாயம்! உங்க ஸ்கேனர் எங்க?"

மனிதர் முகம் மாறிவிட்டது. மெதுவாகப் போய், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எடுத்து வந்தார். இரவு முழுக்க சார்ஜிலேயே கிடந்திருக்கிறது.

"நேத்து பாட்டு போட்டது இதுலயா?"

"அது வந்து மேடம்... என் போனு டிஸ்பிளே பூட்ச்சு. இதுல சவுண்டு சும்மா கும்முனு வரும். நேத்துதான் ஒரு ஆப் ஏத்தி, பாட்டெல்லாம் இதுக்கு மாத்திக்கினேன். ஃபிரெண்டு ஒருத்தன் அனுப்புனான்."

"யாரு அந்த ஃபிரெண்டு?"

"தெரியாது மேடம். குரூப்புல கீறான்."

எனக்கு வந்த கோபத்தையும் சிரிப்பையும் ஒரே வாயில் அடக்க முடியவில்லை. ஊரெல்லாம் ஆயுதங்களை அணைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, விதியை மீறிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒன்றுதான் விழித்திருந்து அப்டேட்டை வாங்கியிருக்கிறது.

அதற்குள் திரும்பி வந்துவிட்ட மேனேஜர் எட்டிப் பார்த்து, "இதுதான் அப்டேட் ஆகியிருக்கே. இதுக்கு மட்டும் விலக்கு குடுங்க," என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெயர் தெரியாத ஃபிரெண்டு அனுப்பிய ஆப், பாட்டு மட்டும்தான் பாடுகிறது என்று யார் சொன்னது? அப்டேட் ஏறாதது கதவைப் பூட்டாத வீடு. இது கதவைப் பூட்டிவிட்டு முன்பின் தெரியாதவனை உள்ளே படுக்க வைத்திருக்கும் வீடு.

"விலக்கு கிடையாது. ஆப்பை மட்டும் எடுத்தாலும் போதாது. மொத்தமாத் துடைச்சு, புதுசா ஏத்தணும். அப்புறம் தானா பச்சை ஆவும்."

சகாயம் ஸ்கேனரை மார்போடு அணைத்துக்கொண்டார். "மேடம், பாட்டெல்லாம் பூடுமே! கிறிஸ்துமஸுக்கு சேர்த்து வச்சது எல்லாம் இதுலதான் கீது. அம்மனும் மாதாவும் அதுல ஒண்ணாத்தான் மேடம் கீறாங்க!"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவாது. குடுங்க."

அவர் நாகலட்சுமியைப் பார்த்தார். அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சகாயம் ஒரு பெருமூச்சு விட்டு ஸ்கேனரை என் கையில் வைத்தார். "இந்தாங்க. தங்கச்சிக்குன்னு நினைச்சிக்கிறேன்."

துடைக்க ஆரம்பித்தேன். அது முடிய அரை மணி ஆகும். அந்த அரை மணியில்தான் மேனேஜர் கடைசிப் படையெடுப்பை நடத்தினார். இந்தத் தடவை துணைக்கு பர்ச்சேஸ் பிரிவு ஏழுமலையையும் கூட்டி வந்தார். ஏழுமலை சாது. கையில் சுண்டல் தொன்னை. எதற்குக் கூப்பிட்டார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

"சொல்லுய்யா ஏழுமலை, உன் வேலையும் இவங்களால நிக்குதா இல்லையா?"

"எனுக்கு ஒண்ணும் நிக்கல சார். நான் இன்னும் கம்ப்யூட்டரே தொறக்கல. சுண்டல் சாப்ட்டுகினு கீறேன்."

நான் அப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வரிசையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. ஏழுமலை பெயர். சரியான பாஸ்வேர்டு. கருவி மட்டும் நமக்குத் தெரியாத ஒரு லேப்டாப். மறுபடி ஒரு வரி. மறுபடி ஒன்று. யாரோ விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏழுமலை, இப்ப நீங்க எங்க இருக்கறீங்க?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? உங்க முன்னாடிதான் நின்னுகினு கீறேன்."

"அப்ப அங்க உள்ள வரப் பாக்குற ஏழுமலை யாரு?"

எல்லோரும் திரையில் வந்து முட்டிக்கொண்டார்கள். ஏழுமலை தன் பெயரைத் தானே வாய்விட்டுப் படித்தார். சுண்டல் தொன்னை கையிலிருந்து நழுவிவிட்டது. "ஐயய்யோ, நான் இல்ல மேடம்! சத்தியமா நான் இங்கதான் கீறேன்!"

"ஆயுத பூஜைக்கு யாராச்சும் உங்களுக்குப் பரிசு அனுப்பினாங்களா?"

"ஆமா மேடம். சப்ளையர் பேர்ல ஒரு லிங்க் வந்துச்சு. பண்டிகை கிஃப்ட்டுன்னு. தொறந்தேன், பாஸ்வேர்டு கேட்டுச்சு, போட்டேன். கிஃப்ட் வரல."

"அவனுக்கு வந்துடுச்சு."

பண்டிகை நாளில் திருடர்களுக்கு விடுமுறை கிடையாது. நாம் பொரி தின்னும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். ஏழுமலையின் கணக்கை அங்கேயே பூட்டி, புதுப் பாஸ்வேர்டு போட வைத்தேன். பிறகு மேனேஜரைப் பார்த்தேன்.

"ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணச் சொன்னீங்களே சார். பண்ணியிருந்தா இந்நேரம் அந்த ஏழுமலை உள்ள உக்காந்து நம்ம எல்லா சப்ளையருக்கும் மெயில் போட்டு ஏமாத்திகினு இருப்பான். இப்ப சொல்லுங்க. ஆஃப் பண்ணட்டுமா?"

அவர் பொரிப் பொட்டலத்தை மடித்து பாக்கெட்டில் வைத்தார்.   எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

சகாயத்தின் ஸ்கேனர் பச்சை ஆனது. ஷெட்டில் விசில் பறந்தது.

ஆனால் ஒரே ஒரு ஸ்கேனர். வழக்கமாக ஆளுக்கொரு ஸ்கேனரோடு ஷெட் முழுக்க நடந்து, இருக்கும் இடத்திலேயே பெட்டிகளைப் படித்து ஏற்றுவார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு அப்படி நடந்தால் வண்டி பொங்கலுக்குத்தான் கிளம்பும். இங்கே என் வேலை முடிந்துவிட்டது. கதவை எந்த அளவுக்குத் திறக்கலாமோ அந்த அளவுக்குத் திறந்தாகிவிட்டது. மிச்சம் நாகலட்சுமியின் வேலை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவையை இழுத்துச் செருகினாள். குரல் ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் போனது.

"ஸ்கேனரு நடக்காது! பொட்டிதான் நடக்கும்! சகாயண்ணா, நீ வண்டி வாசல்ல ஸ்டூல் போட்டு குந்து. எந்திரிக்கவே கூடாது. மத்தவங்க எல்லாம் லைனா நில்லு. ஒரு பொட்டி கை மாத்தி கை மாத்தி அண்ணன் முன்னாடி வரணும், லேபிள் அவரைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் புடிச்சவனுக்கு இன்னிக்கு சுண்டல் கெடையாது!"

எடை குறைந்த பெட்டிகள் கைக்குக் கை வந்தன. கனமானவற்றை ஃபோர்க்லிஃப்ட்டில் வேறொருவர் கொண்டுவந்தார். சகாயம் ராஜா மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் ஆசீர்வாதம் செய்வதுபோல் ஸ்கேனரைக் காட்டினார். அது பீப் என்றது. ஏழுமலை செய்த பாவத்துக்குப் பரிகாரமாக வரிசையில் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மேனேஜரும் கைச் சட்டையை மடித்துக்கொண்டு நிற்கிறார். அவரும் முதல் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தார்.

"சார், லேபிளு!" என்று நாகலட்சுமி அதட்டினாள். அவர் திருப்பிப் பிடித்தார்.

பாட்டு இல்லாமல் சகாயத்துக்கு வேலை ஓடாது. அழிந்துபோன பாட்டை எங்கே போடுவது? தானே பாட ஆரம்பித்துவிட்டார். அம்மன் பாட்டில் தொடங்குவார், வார்த்தை மறந்துபோனால் மாதா பாட்டுக்குத் தாவுவார், பீப் சத்தத்தைத் தாளமாக எடுத்துக்கொள்வார். வரிசையில் நின்றவர்கள் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். வெளியிலிருந்து டிரைவர் ஹாரன் அடித்துத் தாளம் சேர்த்தார். பக்கத்துக் கம்பெனிக் காவலாளி, என்ன விசேஷம் என்று மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

கேட் பாஸ் அச்சாகி வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி கிளம்பியது. ஜி.என்.டி. ரோட்டில் அது திரும்பும் வரை நாகலட்சுமி கேட்டிலேயே நின்றாள். மதியம் ஒரகடத்திலிருந்து சரக்கு வந்து சேர்ந்தது, லைன் ஓடுகிறது என்று தகவல் வந்ததும் ஷெட்டில் நடந்த ஆட்டத்தை நான் எழுதப்போவதில்லை. மேனேஜரும் ஆடினார் என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் அவர் நாகலட்சுமியைக் கூப்பிட்டு அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தார். "உன்னை மாத்த ஒரு காரணம் தேடினேன், கிடைக்கல," என்றாராம். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. தலைமை அலுவலகத்துப் பையனும் கூப்பிட்டான். கெடுவைத் தள்ள அனுமதி வந்துவிட்டது என்றான். வண்டி போய்ச் சேர்ந்து ஒரு நாள் ஆகிவிட்டது, உன் மேலதிகாரி நன்றாகத் தூங்கினாரா என்று விசாரித்தேன். அதோடு, எந்தெந்த நாளில் இந்த ஊரில் கருவிகளை எழுப்பக்கூடாது என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். அதற்குப் பிறகு அவர்கள் ஆயுத பூஜை நேரத்தில் கெடு வைத்தது இல்லை. விதி போடுகிறவனுக்கு ஊர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சொல்லிக் கொடுப்பதும் நம் வேலைதான். சும்மா உட்கார்ந்து திட்டினால் போதாது. திட்டிவிட்டும் சொல்லிக் கொடுக்கலாம்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முந்தின நாளே டிஸ்பாட்ச் ஆட்கள் எல்லோரையும் கூட்டி, சாமி சத்தியமாக ஸ்கேனர் எதையும் அணைக்கக்கூடாது, முகத்தில் குங்குமம் அப்பக்கூடாது என்று தொண்டை வற்றக் கத்தியிருந்தேன். பூஜைக்குப் போனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழை இலையில் ஸ்கேனர்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், பூ. பக்கத்தில் சகாயம் சொந்தமாக வாங்கிய குட்டி ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்றார்.

வரிசையின் நடுவில் புதிதாக ஒரு பொருள். முழ நீளக் கம்பு ஒன்று, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசி, இரண்டு செங்கல் மேல் படுக்க வைத்து, அதற்கு ஒரு மாலை.

"இது இன்னாது?"

"நீங்கதான் மேடம்," என்றார் சகாயம். "செக்போஸ்ட். ஆயுதம் எல்லாத்தையும் கும்புடணும் இல்ல?"

நான் ஆரம்பித்தேன். போன வருஷம் பட்டது போதாதா, ஒருத்தனுக்காவது மண்டையில் மூளை இருக்கிறதா, உங்களுக்கெல்லாம் ஸ்கேனர் எதற்கு, பேசாமல் சுண்டலை எண்ணி ஏற்றுங்கள் என்று மூச்சு விடாமல் திட்டினேன். பூசாரி மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

நாகலட்சுமி கற்பூரத் தட்டோடு நின்றிருந்தாள். நான் மூச்சு வாங்க நிறுத்தும் வரை பொறுமையாகக் காத்திருந்தாள்.

"முடிச்சிட்டியாக்கா? இப்ப ஒண்ணைத் திருப்பிப் பாரு."

திருப்பினேன். குங்குமம் பின்பக்கம் மட்டும்தான். முகம் பளிச்சென்று இருந்தது. வாழை இலைக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் சார்ஜர் வயர் ஓடியது. திரையில் அப்டேட் முடிந்தது என்று எழுதியிருந்தது.

 அந்தக் கம்புக்கு முன்னால் நின்று எல்லோரோடும் சேர்ந்து கும்பிட்டேன். தூணுக்குப் பின்னாலிருந்து எவனோ லாரி ஹாரன் கொடுத்தான்.